புல் செருகிய கூம்பு

திரேசம்மாளின் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடிக்கு முந்தி மண் பிசையக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜவளகிரிக்குக் கொஞ்சம் இப்பால், காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்த ஓராசிரியர் பள்ளி. அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடம், மீதியில் பாதி தெலுங்கு. தமிழ் தெரிந்த சில பிள்ளைகளும் தங்கள் தமிழ் புத்தகத்துத் தமிழ் இல்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டன. அவள் வேலைக்கு வந்த புதிதில் எதையாவது காட்டி இது என்ன என்று கேட்டால், வகுப்பே கூரையைப் பார்க்கும். ஒரு நாள் அலுத்துப்போய், குட்டைக்கரைக் களிமண்ணைக் கொண்டுவந்து ஆளுக்கொரு கவளம் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அந்த அறையில் சத்தம் கேட்டது. கைக்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

அவள் பாடம் நடத்தும் விதம் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததற்குத் தலைகீழ். அங்கே முதலில் கரும்பலகையில் சதுரம், வட்டம், முக்கோணம் என்று தட்டை உருவங்களை வரைந்து காட்டிவிட்டு, பிறகு கன உருவங்களுக்குப் போகச் சொன்னார்கள். இவள் முதலில் பொருளைக் கையில் கொடுத்துவிடுவாள். வெல்லக்கட்டி, படி, தீப்பெட்டி, பாதிச் செங்கல். தடவிப் பார், உருட்டிப் பார், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிப் பார் என்பாள். அதெல்லாம் ஆன பிறகு அதைச் சிலேட்டின் மேல் வைத்துச் சுற்றிலும் பலப்பத்தால் கோடு இழுக்கச் சொல்வாள். "இப்ப எடு" என்பாள். எடுத்தால் செங்கல் போய்விடும், அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் கோடாக நிற்கும்.

"இதான் தட்டை. கையில பிடிக்க முடியாது. பொருள் போனப்புறம் பலகையில நிக்கிறது."

பிள்ளைகளுக்கு இது கண்கட்டு வித்தை போல இருந்தது. ஒரு பையன் வீட்டுக்குப் போய், சோற்றுக்கு உட்கார்ந்த தாத்தாவைச் சுற்றிக் கரியால் கோடு இழுத்துவிட்டு, எழுந்திரு எழுந்திரு என்று நச்சரித்ததாக மறுநாள் புகார் வந்தது.

திரேசம்மாளின் ஊர் எலத்தகிரி. கிருஷ்ணகிரியை ஒட்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே மாதா கோயில் மணி கேட்கிற ஊர். கன்னியாஸ்திரீகள் படிக்கவைத்தார்கள். பயிற்சி முடித்த கையோடு சூசைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சூசை தச்சன். ஏர் செய்து, கதவு செய்து, அறுப்புக்கு அறுப்பு மூட்டையில் கூலி வாங்கி அலுத்துப்போய், கோலார் தங்கவயலுக்குப் போவதென்று அவன் முடிவுசெய்த வருஷமே ஜில்லா போர்டும் இவளைத் தூக்கி இந்தக் காட்டோரத்தில் போட்டது. யார் யாரை விட்டுவிட்டுப் போனது என்று சொல்ல முடியாது. ஒரே வாசலில் நின்று விடைபெற்றுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பஸ் ஏறினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். பிள்ளை பிறந்திருந்தால் யாராவது ஒருவர் இறங்கி வந்திருப்பார்கள். பிறக்கவில்லை.

தங்கவயலில் மரம் அறுத்து விற்கிற ஒரு மரத்தொட்டியில் அவனுக்கு வேலை. வேலை நிரந்தரம், குடியிருக்க வரிசை வீடுகளில் ஒரு லைன் வீடும் கிடைத்தது. இவளால் அங்கே போக முடியாது. அது மைசூர் ராஜ்யம், இவள் சான்றிதழ் சென்னை ராஜ்யத்தது. வேலையை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் எலத்தகிரியில் இவள் கைப்பணத்தை எதிர்பார்த்து அம்மா ஒருத்தி இருந்தாள். மாகாணங்களைப் பிரித்து எல்லைக்கோடு போடப்போகிறார்கள், ஓசூர் தாலுக்கா அந்தப் பக்கம் போனாலும் போகும் என்று பேச்சு எழுந்தபோது ஊரே இரண்டு கட்சியாக நின்று வாதாடியது. வாத்தியாரம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள் எந்தக் கட்சி என்று கேட்பானேன்? அவளோ, அந்தக் கோடு கொஞ்சம் தெற்கே நகர்ந்து தன் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மைசூருக்குள் இழுத்துக்கொண்டால் கோலார் பக்கம் மாற்றல் கேட்கலாமே என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கோடு நகரவில்லை. ஊரில் பாதிப் பேர் வெடி வெடித்தார்கள். அவள் அன்று தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

சூசை வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். வரும்போது தோளில் கருவிப்பெட்டி இருக்கும். நாலு நாளைக்கு எதற்கு உளியும் இழைப்புளியும் என்று கேட்டால், தச்சன் பெட்டியை விட்டுவிட்டு வரமாட்டான் என்பான். நாராயணப்பன் வீட்டுப் பின்கட்டில் அவள் குடியிருந்த ஒற்றை அறையின் மூலையில் அந்தப் பெட்டி உட்கார்ந்துகொள்ளும். பள்ளியில் அவள் செங்கல்லையும் படியையும் வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது வேங்கைமரத்தில் கட்டை ஒன்று செய்து கொண்டுவந்தான். ஆறு பக்கமும் ஒரே அளவு. இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி. அதற்கடுத்த முறை உருளை. அப்புறம் ஒரு நீளப் பெட்டி. இப்படி வருகைக்கு ஒன்றாக அவளுக்குக் கன உருவங்கள் சேர்ந்தன. மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார்கள் தங்கவயலிலிருந்து புடவை கொண்டுவந்தார்கள். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் பள்ளி விட்டதும் அந்தக் கட்டைகளைப் பழம்புடவையில் சுற்றி, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பள்ளியில் விட்டுவிட்டுப் போக மனசு வராது.

அவன் தங்கவயலுக்குத் திரும்பியபின் கருவிப்பெட்டி இருந்த இடத்தில் தரை வெளிறித் தெரியும். சனிக்கிழமைகளில் தரைக்குச் சாணி மெழுகும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மெழுகுவாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாமா, மூலையில ஒரு முழம் உட்டுட்டியே. கை எட்டலையா?" என்று கேட்டாள். சாணி தீர்ந்துபோச்சு என்று சொல்லிச் சமாளித்தாள் திரேசம்மாள். நாராயணப்பன் கொட்டிலில் பதினைந்து மாடு நின்றது. சென்னம்மா மாடுகளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியாக, ஒரு கிறிஸ்துமஸுக்கு, அவன் கொண்டுவந்தது கூம்பு. பட்டறையில் எல்லோரும் இதை என்ன செய்யப்போகிறாய் என்று சிரித்தார்களாம். அடி வட்டமாக, மேலே போகப் போகக் குறுகி, நுனி விரலைக் குத்துகிற மாதிரி இருந்தது. அவள் கையில் கொடுக்காமல் தரையில் படுக்கவைத்தான்.

"பொட்டி வெச்ச எடத்துல கெடக்கும், திரேசு. உருளை ஒரே நேரா ஓடும். இதைப் பாரு."

சுண்டிவிட்டான். கூம்பு தன் நுனியைச் சுற்றியே ஒரு வட்டம் அடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"நான் இந்த ஜாதி" என்றான்.

"அடுத்த தடவை எதைக் கொண்டாருவீங்க?"

"உருண்டை."

"அது உருட்டிவிட்டா போனது போனதுதானே?"

அவன் சிரித்துவிட்டு, வாத்தியாரம்மாவிடம் வாய் கொடுக்கக் கூடாது என்றான். உருண்டையைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கடைந்து தருவார்களாம். அவன் அப்படிச் செய்யமாட்டானாம். கையாலேயே செதுக்கி, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல வரவேண்டும். அதுதான் தச்சனுக்குப் பரீட்சை. அதோடு உன் செட்டு முடிந்தது என்றான்.

அந்த ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அடுத்த ஈஸ்டரும் போயிற்று. தங்கவயலுக்குப் போய்வரும் எலத்தகிரி ஆட்களை அவள் ஊருக்குப் போனபோது பிடித்து விசாரித்தாள். "நல்லாத்தான் கீறாரு" என்றார்கள், செருப்பைப் பார்த்துக்கொண்டு. நல்லாயிருக்கிறவனைப் பற்றிச் சொல்ல எதற்குச் செருப்பைப் பார்க்க வேண்டும்? தங்கவயலில் இன்னொரு அடுப்பு மூட்டிக்கொண்டவர்களின் கதை எலத்தகிரியில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா அதை நேராகக் கேட்கவில்லை. உன் நகையெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு என்ன? அதை அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டாள். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஆனால் வருகிறவன் அவன், காத்திருக்கிறவள் இவள் என்று ஆரம்பத்திலேயே ஒரு வழக்கம் ஆகிவிட்டது. அதை மீறிப் போய்க் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து வேறொருத்தி எட்டிப் பார்த்தால்? காத்திருந்தால் அந்தக் கதவு திறக்காமலாவது இருக்கும். மூலையில் வெளிறிய இடம், அவள் மெழுகாமல் விட்டும், தூசியும் காலடியும் பட்டு நாளாக ஆக மற்றத் தரையின் நிறத்துக்கே வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் கூம்புப் பாடம் எடுத்தாள். சூசையின் கூம்பைச் சன்னலில் வைத்து, இதைப் போலச் செய்யுங்கள் என்று மண்ணைக் கொடுத்தாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டன. அதுவரை எந்த உருவத்தையும் இவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை. பலகையில் ஒழுங்காக உட்கார்ந்த கூம்புகள் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டன. பிறகு சென்னம்மாவின் மகள் ருக்மணி எழுந்து வெளியே ஓடினாள். அவள் பின்னால் எல்லாம் ஓடின. திரும்பி வந்தபோது ஆளுக்கொரு கொத்து அருகம்புல் இருந்தது. கூம்பு ஒவ்வொன்றின் உச்சியிலும் செருகிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டன.

அது அறுப்புக் காலம். களத்தில் ராகியைத் தூற்றிக் குவித்ததும், அளக்கப் படியை எடுப்பதற்கு முன், சாணியில் இப்படிக் கூம்பாகப் பிடித்துப் புல் செருகிக் குவியலின் தலையில் வைப்பார்கள். அதுதான் பிள்ளையார். பூஜை முடிகிறவரை யாரும் களத்தில் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் அதை நேற்றும் பார்த்திருந்தன, முந்தாநாளும் பார்த்திருந்தன. இந்த உருவத்துக்கு உலகத்தில் வேறு வேலை ஏதாவது இருக்கும் என்று அவற்றுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கூம்பைப் பிசைந்து உருளை செய்யச் சொன்னபோது ஒரு கையும் அசையவில்லை.

"சாமியக் கையால ஒடைக்கக் கூடாது, வாத்தியாரம்மா. தண்ணியிலதான் கரைக்கணும்" என்றாள் ருக்மணி.

"புல்லை எடுத்துட்டா?"

"மயிரை வெட்டிட்டா நீங்க வேற ஆளா?"

திரேசம்மாள் குட்டைக்கரைக்குப் போனாள். புது மண் கொண்டுவந்து உருளை செய்யவைத்தாள். கூம்புகள் சன்னல் ஓரத்தில் வரிசையாகக் காய்ந்தன. சூசையின் வேங்கைக் கூம்பு அவற்றுக்கு நடுவே நின்றது. இரண்டொரு நாளில் அதன் மேல் மஞ்சள் ஏறியது, குங்குமம் ஏறியது. நுனியில் புல் செருக முடியாததால் நாரால் கட்டியிருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய கைகளால் செய்த பொருளுக்கு இப்படி ஒரு வாழ்வா என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மத்திகிரிக் கோயிலுக்குப் போகும்போது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்று யோசித்தாள். சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிடும் என்று விட்டுவிட்டாள். பிள்ளைகள் வருந்தும் என்று கூம்பை மட்டும் சாயங்காலம் மூட்டையில் கட்டாமல் சன்னலிலேயே விட்டுப் போகத் தொடங்கினாள். அதில் அவளுக்கு ஒரு கோபமும் இருந்தது. சுற்றிவிட்டு வருகிற ஜாதியாம். இருக்கட்டும் சன்னலிலே.

அரைவருஷப் பரீட்சை முடிந்து பள்ளி மூடுகிற நாள் வந்தது. மண் சாமான்களையெல்லாம் எடுத்து அறையைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் போட உட்கார்ந்தாள். பெட்டிகளும் உருளைகளும் வாசலில் உடைகிற சத்தம் கேட்டது. கூம்புகளைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு குட்டைக்கு ஊர்வலம் கிளம்பியதும் கேட்டது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். ருக்மணி கன்னடத்தில் ஏதோ பாடினாள். நன்றாகத்தான் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே திரேசம்மாள் அடுத்த சிலேட்டை எடுத்தாள்.

பாட்டு பாதியில் நின்றுபோயிற்று. கொஞ்ச நேரத்தில் ருக்மணி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

"கரகலில்லா, வாத்தியாரம்மா. தொட்ட சாமி கரகலில்லா."

பெரிய சாமி கரையவில்லை. திரேசம்மாள் சன்னலைப் பார்த்தாள். காலியாக இருந்தது. மற்ற மண் கூம்புகள் வட்டம் வட்டமாக மண்தடம் விட்டிருந்தன. நடுவில் ஒரு வட்டம் மஞ்சளாக இருந்தது.

குட்டைக்கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றன. கூம்பு நடுக்குட்டையில் படுத்து மிதந்தது. புல் ஒரு பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில்தான் விட்டார்களாம். கரையவில்லை என்றதும் பயந்துபோய்க் கல்லெறிந்து அமிழ்த்தப் பார்த்திருக்கிறார்கள். கல் விழ விழ அது நடுவுக்குப் போய்விட்டது. யார் வீட்டிலோ கெட்டது நடக்கப்போகிறது என்று ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. காற்று திரும்பினால் தானே கரைக்கு வந்துவிடும் என்று திரேசம்மாள் சொன்னாள். பிள்ளைகளுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியாது. அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுக்குமேல் அந்தத் தண்ணீரில் இறங்கியதும் கிடையாது. கரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்தன. காற்று வந்தது. கூம்பு மெள்ள நுனியைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிற்று.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மகளைத் தேடிக்கொண்டு சென்னம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கரையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"எம்மாந்நேரமா இப்டி குந்திக்கிணு கீற?"

"காத்து திரும்பினா வந்துடும்னு..."

"நிக்கற தண்ணிமா இது. ஆறா, அடிச்சிக்கினு வர? அதுவா வராது. போயித்தான் எடுக்கணும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மார்கழிக் குளிரில் மார்பளவு தண்ணீருக்குள் நடந்து போய், கூம்பைப் பிடித்து, திரும்பி வந்து வாத்தியாரம்மாவின் மடியில் போட்டாள். பல் கிடுகிடுக்க, இந்தச் சாமி வாங்கிக்கொண்ட பூஜைக்குத் தனக்கு ஒரு காய்ச்சலாவது வராமலிருக்கவேண்டும் என்று திட்டிக்கொண்டே மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் கலைந்தன. திரேசம்மாள் கூம்பின் மஞ்சளை முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் எலத்தகிரிக்குப் போகவேண்டியவள், ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற பக்கம் போகாமல் பெங்களூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து ரயிலில் பௌரிங்பேட்டை, வண்டி மாறித் தங்கவயல். எல்லையைத் தாண்டும்போது சன்னல் வழியாகப் பார்த்தாள். இந்தப் பக்கமும் ராகிக் கொல்லை, அந்தப் பக்கமும் ராகிக் கொல்லை. எந்த இடத்தில் கோடு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வழியெல்லாம் கேட்கவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். யார் அவள், எந்த ஊர், எத்தனை நாளாக.

மரத்தொட்டி வாசலில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, முக்காலியில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் சூசையைப் பற்றி விசாரிக்கத்தான் கிட்டே போனாள். அவன் நிமிர்ந்தான். சூசைதான்.

எழுந்து நின்றான். வலதுகை கம்பளிக்கு உள்ளேயே இருந்தது. இன்னொருவனைக் கூப்பிட்டு வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் கொடியில் ஒரு புடவையைத் தேடியது. இரண்டு வேட்டி காய்ந்தது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூலையில் கருவிப்பெட்டி. அடுக்கிவைத்த கேள்விகள் எல்லாம் அந்த இடத்திலேயே சரிந்து விழுந்தன. அதன் பிறகுதான் அவள் அவன் கையைப் பார்த்தாள். கம்பளி நழுவியிருந்தது. வலதுகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

கூம்பு கொண்டுவந்த கிறிஸ்துமஸுக்கு அடுத்து, பொங்கல் கழித்து நடந்ததாம். அவசரத்தில் ரம்பத்தில் கை சறுக்கிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்றான். முதலாளி நல்ல மனுஷன், காவல் வேலை கொடுத்து வைத்துக்கொண்டார். ஊர் ஆட்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ வந்திருப்பே."

"வந்தா இன்னா?"

அவன் தண்ணீர் மொண்டு கொடுத்தான், இடதுகையால். அவள் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தான்.

"தச்சன்னு சொல்லித்தான் உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டேன்" என்றான்.

பிறகு கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். இடதுகையில் உளி பிடித்துப் பழகிப் பழகிச் செதுக்கியது. முதல் இரண்டு பிளந்துபோயிற்றாம். இது மூன்றாவது. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒடுங்கி, உளி பட்ட வெட்டெல்லாம் தெரிய இருந்தது. இதை முடித்துக்கொண்டு இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்றிருந்தானாம். போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான் இருந்தானாம்.

அவளுக்கு அழுகையும் வந்தது, அவனை இரண்டு வார்த்தை கேட்கவேண்டும் என்றும் வந்தது. கேட்பது எளிதாக இருந்தது.

"நான் அங்க வேற ஒருத்தி இருக்காளோன்னு பயந்துக்கிட்டிருக்கேன். நீங்க இங்க மரக்கட்டையைச் சொரண்டிக்கிட்டு இருக்கீங்க."

"ஒருத்தியா?" அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "இந்த வீட்டுலயா?"

"குடுங்க அதை."

"முடியலையே, திரேசு."

"முடியறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும். குடுங்க."

கிறிஸ்துமஸ் ராப்பூசையைத் தங்கவயலில்தான் கண்டாள். விடுமுறை முடிகிறவரை இருந்தாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று அவன் சொல்லவில்லை. வந்துவிடுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் இருவருக்கும் தெரிந்திருந்தது. காவல்காரனுக்கு இந்தப் பக்கம் யார் வேலை கொடுப்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது. ரயில் கிளம்பும்போது, ஈஸ்டருக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், வந்தால் போதும் என்று சன்னல் வழியாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். கூட்டத்தில் நின்ற கம்பளி சின்னதாகிக்கொண்டே போயிற்று. அது கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் உருண்டைப் பாடம். மூட்டையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது அரைச்சுற்று உருண்டு, உப்பின பக்கம் மேலே வர நின்றுவிட்டது. பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்தன.

"இது உருண்டையா, வாத்தியாரம்மா?" ருக்மணி சந்தேகமாகக் கேட்டாள். "ஆலுகட்ட மாதிரி கீது."

உருளைக்கிழங்கு என்றதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. திரேசம்மாளும் சிரித்தாள். உண்மையான உருண்டைக்கு விளாம்பழம் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் மேசை நிறைய விளாம்பழம் வந்தது. அவற்றைச் சிலேட்டில் வைத்துக் கோடு இழுக்கப் பார்த்து, பலப்பம் எங்கேயும் நிற்காமல் பிள்ளைகள் திண்டாடின. இது மட்டும் போன பிறகு ஒன்றும் விட்டுவிட்டுப் போகாது என்று அவள் விளக்கினாள். ஆலுகட்ட மட்டும் சன்னலில் கூம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கு யாரும் புல் வைக்கவில்லை. சாயங்காலம் இரண்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனாள்.

ஈஸ்டருக்குச் சூசை வந்தான். தோளில் பெட்டி இல்லை, கையில் ஒன்றும் இல்லை. ஊர் பார்க்க, கம்பளி போர்த்தாமல், கையை வீசிக்கொண்டு நடந்து வந்தான். நாலு நாள் இருந்தான். பிள்ளைகள் அவன் விரலைக் கேட்டன, காட்டினான். போகிற அன்று பக்கத்து ஊரான தளிவரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். மே மாத விடுமுறைக்கு இவள் அங்கே போவதென்று பேச்சு.

சனிக்கிழமை தரை மெழுகினாள். எதற்கோ வந்த சென்னம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மூலை இந்தத் தடவை ஒழுங்காக மெழுகியிருந்தது. நடு அறையில், பாய் விரிக்கிற இடம் மட்டும், நீளமும் அகலமுமாக அப்படியே வெளிறிக் கிடந்தது.

"இன்னாமா இது, நட்டநடுவுல இம்மாம்பெருசா உட்டுட்ட?"

"சாணி தீந்துபோச்சு" என்றாள் திரேசம்மாள், கையைக் கழுவிக்கொண்டே.

சென்னம்மா கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மே மாசம் நீ போயிட்டு வந்து மெழுகிக்க, சாணி எடுத்து வெக்கிறேன், போ" என்று சொல்லிவிட்டு வந்த வேலையைக் கேட்டாள்.